ரொட்டியில் குத்திய முள்கரண்டி

ஸ்விலென் எப்போதும் அடுத்தவர் தட்டிலிருந்துதான் தக்காளியை எடுப்பான். தன் தட்டில் முழுத் தக்காளி இருந்தாலும் தொடமாட்டான்; அது சாப்பிடுவதற்கு. எடுத்த தக்காளியில் முள்கரண்டியைச் சற்றுச் சாய்வாகக் குத்தி, மேசை நடுவே சூரியனாக நிற்கும் ராக்கியாச் சாராயப் புட்டியைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோவான். முள்கரண்டியின் காம்பு எந்நேரமும் மதுக்கடையின் ஜன்னல் பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். தக்காளி சமையலறைப் பக்கம் வரும்போது காம்பு புட்டியை நோக்கிச் சாய்கிறது. ஜன்னல் பக்கம் போனதும் புட்டியைவிட்டு விலகிச் சாய்கிறது.

"பாத்தீங்களா? இங்க நமக்கு ஜூலை. அங்க ஜனவரி. சாய்வு மாறவே இல்ல. இருக்கிற இடம்தான் மாறிச்சு."

"அது என் தக்காளிடா" என்பார் கசாப்புக்கடை ஸ்தமாத்.

"இப்ப அது பூமி, அண்ணே."

"உப்புப் போட்டு வெச்சிருந்தேன்."

"கடல்லயும் உப்பு இருக்குல்ல?"

பாடம் முடிந்ததும் நான்கு ஓட்டைகளோடு தக்காளியை ஸ்தமாத்தின் தட்டில் திருப்பி வைத்துவிடுவான். எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை.

ஸ்விலென் என் தம்பி. பெலிப்ரோத் ஊரின் வான்நோக்கு நிலையத்தில் வருகிறவர்களுக்கு வானத்தை விளக்கிச் சொல்வது அவன் வேலை. நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மழை பெய்தால் கூரை திறக்காது. மழை நின்றபின் திறந்தால் மூடாது. உள்ளே தொலைநோக்கியை விடப் புறாக்கள் அதிகம். ஆனாலும் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்து வைத்துக்கொண்டு வருகிறார்கள், தொலைநோக்கியைப் பார்க்க அல்ல, என் தம்பி பேசுவதைக் கேட்க. நான் எட்டாம் வகுப்போடு தையல் கூடத்துக்குப் போனவள். அவன் தலைநகர் சோஃபியாவில் படித்தவன். படித்ததை எல்லாம் கையோடு ஊருக்குக் கொண்டுவந்து கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறான், வேண்டாம் என்பவர்களுக்கும்.

அவன் எதிரே 'சூரியன் உதித்தது' என்று யாரும் சொல்லக் கூடாது. காலையில் கதவைத் திறந்து, "அக்கா, நாம திரும்பிட்டோம்" என்பான். அதுதான் அவனுக்கு விடியல். ரொட்டிக்கடைக்காரி பாவம், மாலையில் பேச்சுவாக்கில், "வெயில் போயிடுச்சே" என்றால், "அது எங்கயும் போகல. நாமதான் அதுக்கு முதுகைக் காட்டிட்டோம்" என்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வான். எங்கள் அப்பாவின் நாற்பதாம் நாள் பிரார்த்தனையில் பாதிரியார் உருக்கமாக, "அவருடைய சூரியன் அஸ்தமித்துவிட்டது" என்றார். எனக்குப் பின்னாலிருந்து, "அஸ்தமிக்கல சாமி, நாமதான்..." என்று ஒரு குரல் கிளம்பியது. என் எடை முழுவதையும் அவன் கால்மீது வைத்தேன். என் எடைக்கு வேறு எந்தக் குரலும் அடங்கியிருக்கும். இவன் நொண்டிக்கொண்டே வாசல்வரை போய்ப் பாதிரியாரிடம் மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தான்.

ஜனவரி முதல் வாரம் அவனுக்குத் திருவிழா. பேருந்து நிறுத்தத்தில் மீசையில் பனி உறைந்து நிற்கிறவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கை குலுக்குவான். "வாழ்த்துகள்! வருஷத்துலயே சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இப்பத்தான் இருக்கோம்!"

"அப்ப கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு" என்றார் ஒரு தடவை பேருந்து ஓட்டுநர். "பக்கத்துல வந்தே இந்தக் குளிரு. தாங்கல."

அவன் மேலங்கியில் இடது பையில் ஒரு ஆரஞ்சு, வலது பையில் ஒரு திராட்சை எப்போதும் இருக்கும். ஆரஞ்சு பூமி, திராட்சை நிலா. அந்த அளவுக்குத் திராட்சைதான் பொருந்தும் என்கிறான் அவன். திராட்சைக் கறை போகாது என்கிறேன் நான். யாராவது மாட்டினால், ஆரஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திராட்சையோடு அறையின் மறுகோடிக்கு நடப்பான். "இவ்ளோ தூரம்! எல்லாரும் காதுக்குப் பக்கத்துல கம்மல் மாதிரி வெச்சிடறீங்க!" கடைசியில் அந்தப் பைக்கு மழைக்கோட்டுத் துணியில் உட்புறம் தைத்துக் கொடுத்தேன். இப்போது சாறு வெளியே வருவதில்லை. உள்ளேயே தேங்கி, ஒரு வாரத்தில் ஒயின் வாசனை வருகிறது.

பழம் போதாத பாடங்களுக்கு மனிதர்கள். ஸ்தமாத்தைப் பூமி ஆக்கிவிடுவான். அவர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நடுவில் நிற்பவரையும் சுற்ற வேண்டும். அவரால் மார்ச் மாதத்தைத் தாண்ட முடிந்ததில்லை, தலை கிறுகிறுத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். நடுவில் நிற்கும் சூரியன் நான். ஊரில் என்னைவிடப் பருமனானவர்கள் உண்டு. ஆனால் நிற்கச் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறவள் நீ ஒருத்திதான் என்பான். இதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனை யார் கட்டிக்கொள்வாள் என்று நாற்பத்து மூன்று வயதுவரை ஊரே யோசித்தது. கட்டிக்கொள்ள முன்வந்தவள் இஸ்க்ரா. மலையடி கிராமங்களில் பால் சேகரிக்கும் வண்டியை ஓட்டுகிறவள். கணவனை இழந்து ஆறு ஆண்டுகளாகிறது. ஒரு காலையில் சாலையோரம் வண்டியை நிறுத்திக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவளிடம் என் தம்பி போய், "நீங்க வண்டியை நிறுத்தினாலும் நாம நிக்கல. நொடிக்கு முப்பது கிலோமீட்டர் போயிட்டிருக்கோம்" என்றானாம்.

"எத்தனையோ பேர் என்னை வழிமறிச்சுப் பேசியிருக்காங்க" என்றாள் இஸ்க்ரா என்னிடம். "இவ்ளோ பயனில்லாத ஒரு விஷயத்தை இவ்ளோ சந்தோஷமாச் சொன்னவர் இவர்தான்."

தடை ஒன்றுதான்: அவளுடைய அப்பா நேய்கோ. திராட்சைத் தோட்டமும் வெங்காயமும் வைத்திருப்பவர். அப்பாவும் மகளும் ஒரே முற்றத்தில் இரண்டு வீடுகளில் வசிக்கிறார்கள். "அவர் சரின்னு சொல்லணும்" என்றாள் இஸ்க்ரா. "சட்டத்துக்கு வேண்டாம். எனக்கு வேணும். தினம் அவர் மூஞ்சியிலதான் நான் முழிக்கணும்." நேய்கோ தேய்பிறையில் மட்டுமே வெங்காயம் நடுகிறவர். ஏற்கெனவே ஒருநாள் சந்தையில் என் தம்பி அவர் கடைமுன் நின்று, "மண்ணுக்குள்ள இருக்கிற வெங்காயத்துக்கு மேல நிலா தேயுதா வளருதான்னு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டிருக்கிறான். அன்று முதல் அவர் இவனை, 'என் வெங்காயத்தைக் குறை சொன்னவன்' என்றுதான் குறிப்பிடுகிறார்.

ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் ஒரு ஞாயிறு, நிச்சயதார்த்த விருந்துக்கு அழைப்பு வந்தது. அவனுக்குப் புதுச் சட்டை தைத்தேன். பைகளைக் காலி செய்தேன். பிறகு உட்காரவைத்துச் சொன்னேன்.

"அந்த வீட்டுல திராட்சையைப் பத்திப் பேசலாம். ஆட்டுக்கறியைப் பத்திப் பேசலாம். ரோட்டுல இருக்கிற குழியைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

"மழையைப் பத்தி?"

"மேகம் வரைக்கும் பேசு. அதுக்கு மேல போகாதே."

"சரிக்கா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மேசையை முற்றத்தில் போட்டிருந்தார்கள். வறுத்த ஆடு, பச்சை வெங்காயம், மாவு மடிப்புகளில் கீரை வைத்துச் சுட்ட பணித்சா, சாயமிட்ட முட்டைகள். நடுவில் பூவேலைத் துணிமேல் பிட்கா, அதாவது நிச்சயதார்த்த ரொட்டி. உருண்டையாக, உப்பலாக, இஸ்க்ராவின் அத்தை விடியற்காலையில் எழுந்து சுட்டது. பெண்ணின் அப்பா சம்மதம் சொன்னதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பிய்ப்பார்கள். பெரிய துண்டு யார் கைக்கு வருகிறதோ அவர் பேச்சுதான் வீட்டில் செல்லும். அதுவரை அதன்மீது ஈகூட உட்காரக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் என் தம்பி தங்கம். ஆட்டுக்கறியைப் புகழ்ந்தான். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாலைக் குழியைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு நேய்கோவே ஒருமுறை, "அது உண்மைதான்" என்றார். நேய்கோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வெயில் இறங்குதே, நாற்காலியை நகர்த்திப் போடுங்க" என்றபோது, ஸ்விலென் கையிலிருந்த கரண்டியை நெரித்தான். வாய் திறக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவன் பள்ளியில் பரிசு வாங்கிய நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பிறகு நேய்கோ களஞ்சியத்தின் கூரைக்கு மேலே பார்த்தார். அங்கே பட்டப்பகலில் வெளிறிப்போய் ஒரு அரைநிலா நின்றிருந்தது.

"இவளைப் பாருங்க" என்றார், ராக்கியா உள்ளே போன குரலில். "என் வாழ்நாள் பூராப் பாக்கறேன். ஒரே முகம். ஒரு நாளாவது முதுகைக் காட்டியிருப்பாளா? நல்ல குடும்பத்துப் பொண்ணு. நின்ன இடத்துல திரும்பவே மாட்டா. நிலா சுத்துதுன்னு சில பேரு சொல்றாங்க. சுத்தினா முதுகு தெரியணுமில்ல?"

அவராகவே என் தம்பி பக்கம் திரும்பினார். "என்ன படிச்சவரே, சத்தத்தையே காணோம்?"

நான் மேசைக்கடியில் அவன் காலைத் தேடினேன். கிடைத்தது மேசைக்கால்.

"சுத்துது, மாமா" என்றான் ஸ்விலென், மிகவும் மெதுவாக.

"அப்ப முதுகு எங்க?"

"சுத்தறதாலதான் முதுகு தெரியல."

"கேட்டீங்களா!" நேய்கோ மேசையைத் தட்டினார். "சுத்தறதால தெரியலையாம்! அப்ப நான் குடிக்கிறதாலதான் தெளிவா இருக்கேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்டை வீட்டு வெல்கோ சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த அக்கார்டியன் தானாக ஒரு சத்தம் போட்டது. ஸ்விலென் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் மேசையில் எதையோ தேடத் தொடங்கியது எனக்குத் தெரிந்துவிட்டது. உருண்டையாக ஏதாவது வேண்டும். நேய்கோ தோட்டத்தில் பழுக்கும்வரை அந்த வீட்டில் தக்காளி வாங்கமாட்டார்கள். ஆரஞ்சை நானே பையிலிருந்து எடுத்துவிட்டேன். மேசையில் பூமியாகும் தகுதியோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மேலோடு உடைந்த சத்தம் முற்றத்தின் கடைசிவரை கேட்டது. பிட்காவின் நட்ட நடுவில், சற்றே சாய்வாக, முள்கரண்டி நின்றிருந்தது.

"இதுதான் பூமி" என்றான் என் தம்பி. வெள்ளைப் பொட்டு வைத்த ஒரு சிவப்பு முட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து மேசையைச் சுற்றி வரக் கிளம்பினான். "இது நிலா. இந்தப் பொட்டு இருக்கிற பக்கம் எப்பவும் ரொட்டியைப் பாத்துக்கிட்டே..." பாதி மேசை வந்தபிறகுதான் ஒருவருமே முட்டையைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இஸ்க்ரா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அது என் பொண்ணோட ரொட்டி" என்றார் நேய்கோ.

ஸ்விலென் பாய்ந்துபோய் முள்கரண்டியைப் பிடுங்கினான். ரொட்டியும் சேர்ந்து மேலே வந்தது. உதறினான், வரவில்லை. அப்படியே திரும்ப வைத்துவிட்டு, "நல்லா வெந்திருக்கு" என்றான்.

நேய்கோ அவனையே பார்த்து, தலையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். எங்கள் நாட்டில் அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

"அப்பா..." என்றாள் இஸ்க்ரா.

"வெங்காயத்தைச் சொன்னான், பொறுத்துக்கிட்டேன். சாப்பிட்டு முடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லு."

அந்த அமைதியை வெல்கோவால் தாங்க முடியவில்லை. எந்த அமைதியும் தன் தவறுதான் என்று நினைக்கிற மனிதர் அவர். அக்கார்டியனை விரித்து ஒரு ஹோரோவை வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஹோரோ கேட்டால் கைகோத்து வட்டமாக ஆடித்தான் ஆக வேண்டும். சண்டையில் இருக்கிறோம் என்பது எங்கள் கால்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். தன் முற்றத்தில் வேறொருவன் முதலில் நின்று ஆட்டத்தை நடத்த நேய்கோ விடுவாரா? கைக்குட்டையை உதறிக்கொண்டு வரிசையின் முதல் ஆளாகப் போய் நின்றார், முகம் மட்டும் இறுகியபடி. என் தம்பி ரொட்டிக்குக் காவலாக மேசையருகே தனியே நின்றான். நான் அவனருகே போய் நின்றேன், திட்டத்தான். திட்ட வரவில்லை.

இஸ்க்ரா ஒயின் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வட்டத்தின் நடுவே போனாள்.

"அப்பா, என்னையே பாருங்க. கண்ணை எடுக்காம ஆடுங்க. எனக்குப் பின்னாடி என்ன தெரியுது?"

"களஞ்சியம். வேற என்ன, கடலா?"

வரிசை நகர்ந்தது.

"இப்ப?"

"கிணறு. என்ன கேள்வி இது?"

"என்னைத்தானே பாக்கறீங்க?"

"உன்னைத்தாண்டி பாக்கறேன்!"

"இப்ப?"

"ரோடு. உன் பால் வண்டி. கழுவலையா அதை?"

"இப்ப?"

"வெல்கோ வீட்டு வேலி. கோணலா இருக்கு."

"உங்க பக்கம்தான் கோணல்!" என்றார் வெல்கோ வாசிப்பை நிறுத்தாமலே.

"இப்ப?"

"மறுபடியும் களஞ்சியம்."

"இப்ப நின்ன இடத்துல நின்னுக்கிட்டே களஞ்சியம், கிணறு, ரோடு, வேலி எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பாக்கணும்னா என்ன செய்வீங்க?"

"சுத்தித் திரும்புவேன்."

"அப்ப இவ்ளோ நேரம் நீங்க சுத்தித் திரும்பினீங்களா, இல்லையா?"

நேய்கோவின் கால் தாளம் தப்பியது.

"உங்க முதுகை நான் பாத்தேனான்னு கேளுங்க" என்றாள் இஸ்க்ரா. "ஒரு தடவைகூட இல்ல."

அவர் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மீது ஒருவர் மோதினார்கள். நேய்கோ நிலவைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். களஞ்சியம், கிணறு, சாலை, வேலி எல்லாவற்றையும் யாரோ புதிதாகக் கொண்டுவந்து வைத்ததுபோல ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அறுபது வருஷமா ஆடறேன்" என்றார். "நான் சுத்தறேன்னு ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லல."

"அவர் சொல்லத்தான் வந்தார். நீங்க கிளம்பச் சொல்லிட்டீங்க."

"முள்கரண்டியோட வந்தான்டி!"

ஆனால் சொல்லும்போதே உதடு பிடிவாதத்தை மீறிச் சிரிப்பில் ஒரு பக்கம் ஏறிவிட்டது. மேசைக்கு நடந்து வந்தார். இடது கையால் ரொட்டியை அமுக்கிப் பிடித்து, பல் பிடுங்குவதுபோல முள்கரண்டியைத் திருகி எடுத்து, கால்சட்டையில் துடைத்தார். ரொட்டியைக் கையில் ஏந்தினார். யாரிடமும் நீட்டவில்லை. இன்னும் ஏதோ ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

"சரி, அந்தப் பாக்க முடியாத முதுகு. அது எப்படி இருக்கும்?"

கேட்டது மகளைத்தான். இஸ்க்ராவுக்கு முகமெல்லாம் சிவந்து, வெற்றியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரொட்டியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சற்றும் தயங்காமல் சொன்னாள்: "கும்மிருட்டுப்பா. எப்பவுமே ராத்திரிதான். அந்தப் பக்கம் வெயிலே படாது."

"என் ஒயின் அறை மாதிரி" என்றார் நேய்கோ மிகுந்த திருப்தியோடு. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள். அது தவறு. நிலவின் முதுகிலும் நம் பக்கத்தில் படுகிற அதே அளவு வெயில் படுகிறது. நமக்கு நிலவே தெரியாத அமாவாசையன்று அந்த முதுகு முழுவதும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. எனக்கே தெரியும். இந்த ஒரு தவறுக்காக ஓடுகிற பேருந்தில் வானொலிப் பெட்டியோடு சண்டை போட்டவன் என் தம்பி.

நேய்கோ அவன் பக்கம் திரும்பினார்.

"சரிதானே, மாப்பிள்ளை?"

ஸ்விலெனின் வாய் திறந்தது. வலது கை மேலே எழுந்தது, சுட்டுவிரல் மட்டும் நீண்டு. அந்த விரல் களஞ்சியத்துக்கு மேலிருந்த அரைநிலாவை நோக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவன் இஸ்க்ராவைப் பார்த்தான். பிறகு மடங்கியிருந்த மற்ற நான்கு விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. விரிந்த கையைக் கீழே இறக்கி, ரொட்டியின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.